முகம் எந்தப் பக்கம்? லண்டன் பூங்காக்களில் பெண்களின் சிலைகளைப் படம் எடுத்த ஒரு பள்ளிக் குழு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

லண்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டம் உண்டு. அந்த ஆண்டு எடுத்துக்கொண்டது பெண்களின் சிலைகள். நகரப் பூங்காக்களிலும் சதுக்கத் தோட்டங்களிலும் நிற்கும் சிலைகளைப் பிள்ளைகளே படம் எடுத்து, தமிழில் குறிப்பு எழுதி, மார்ச் 8 மகளிர் நாளை ஒட்டிப் பள்ளி மண்டபத்தில் காட்சிக்கு வைப்பது என்று திட்டம். அதே படங்களை வைத்து ஒரு நாட்காட்டி அச்சிட்டு விற்றால் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது.

பிள்ளைகள் 13 முதல் 17 வயது வரை. பொறுப்புக்கு ஒரு ஆசிரியை, துணைக்குச் சில பெற்றோர். லென்ஸ் மாற்றக்கூடிய கமெரா இரண்டு இருந்தன, மற்றவர்களிடம் கைபேசிதான். படம் எடுக்கும் பழக்கம் எனக்கு இருந்ததால், எடுத்து வந்ததைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

எந்தச் சிலைகள் என்பதில்தான் முதல் பேச்சு. லண்டனில் பெண் உருவங்களுக்குக் குறைவில்லை. நீதி, வெற்றி, அமைதி என்று கருத்துகளுக்கெல்லாம் பெண் உருவம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். விக்டோரியா மகாராணி வேறு மூலைக்கு மூலை அமர்ந்திருக்கிறார். இவற்றை எடுத்துவிட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அதனால் ஒரு விதி வைத்தார்கள்: உண்மையில் வாழ்ந்த பெண்ணாக இருக்க வேண்டும், அரச குடும்பமாக இருக்கக் கூடாது, சிலை திறந்த வெளியில் இருக்க வேண்டும். ஒரு மாணவி மட்டும் கென்சிங்டன் கார்டன்ஸில் உள்ள விக்டோரியாவைச் சேர்க்கச் சொல்லி வாதாடினாள். 1893இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையை வடித்தவர் மகாராணியின் மகள் லூயிஸ். “செய்தவவும் பொம்பிளைதானே ரீச்சர்” என்றாள். விதி விதிதான் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் கட்சிதான்.

மிஞ்சியதில் தேர்ந்தவை எட்டு. புளூம்ஸ்பரியில் மூன்று. கார்டன் சதுக்கத்தில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் இரகசிய முகவராக இருந்த நூர் இனாயத் கான். டாவிஸ்டாக் சதுக்கத்தின் ஒரு மூலையில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், இன்னொரு மூலையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் லூயிசா ஆல்ட்ரிச்-பிளேக். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் வாக்குரிமைப் போராளிகள் இருவர்: விக்டோரியா டவர் கார்டன்ஸில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட், பாராளுமன்றச் சதுக்கத்தில் மில்லிசென்ட் ஃபாசெட். தேம்ஸைக் கடந்தால் செயின்ட் தாமஸ் மருத்துவமனைத் தோட்டத்தில் ஜமைக்காவில் பிறந்து கிரிமியப் போர்க்களத்தில் சிப்பாய்களைக் கவனித்த மேரி சீகோல். வடக்கே நியூவிங்டன் கிரீனில், பெண்ணுரிமை பற்றி எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்டுக்கான சிற்பம். மேற்கே பாடிங்டன் கிரீனில் நடிகை சாரா சிடன்ஸ்.

முதல் சுற்று: நவம்பர்

நடப்பவர்களுக்கு வசதியாகத்தான் பாதையை வகுத்தார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. பிள்ளைகளை ரயிலில் கூட்டிப்போகிறவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தில் கூடி, காலையிலேயே பாலத்தைக் கடந்து சீகோல். திரும்பி வந்து பாங்க்ஹர்ஸ்ட். பூங்காவில் சாப்பாடு. மதியத்துக்குப் பிறகு ஃபாசெட். அப்புறம் ரயில் ஏறி புளூம்ஸ்பரி. மற்ற இரண்டையும் பக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மழை இல்லை, நல்ல வெயில் நாள். எல்லோரும் மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள்.

அன்று இரவே படங்கள் பகிரப்பட்டன. முதல் கருத்து ஒரு மாணவியின் அம்மம்மாவிடமிருந்து வந்தது. பேத்தியின் கைபேசியில் ஃபாசெட்டைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, இவவின்ர முகமே தெரியேல்லையே?” என்று கேட்டாராம். பேத்தி அதை அப்படியே குழுவில் எழுதிவிட்டாள்.

படங்களை ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது அம்மம்மா சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தியது. சீகோல் நீல வானத்தின் முன் ஒரு கரிய உருவம். ஃபாசெட் அதைவிட மோசம். கையில் விரித்துப் பிடித்திருக்கும் பதாகையின் எழுத்துகள் பளிச்சென்று இருக்க, முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்தான் இருந்தது. அதனாலோ என்னவோ, பாதிப் பேர் அவரை விட்டுவிட்டுப் பதாகையை மட்டும் எடுத்திருந்தார்கள். புளூம்ஸ்பரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. நவம்பர் இறுதியில் லண்டனில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கட்டடங்களின் நிழல் சதுக்கங்களை மூடியிருந்தது. கைபேசிகள் இருட்டை ஈடுகட்டப் போய்ப் படம் முழுக்கப் புள்ளி.

ஒரே ஒரு படம் தப்பியது. நூரின் மார்பளவுச் சிலையின் அடியில், போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் நினைவு நாளுக்கு யாரோ வைத்த காகிதப் பொப்பி மலர்வளையம் கிடந்தது. வெளிச்சம் மங்கல்தான், ஆனால் வெண்கலத்துக்குக் கீழே அந்தச் சிவப்பு மட்டும் துலங்கியது. எடுத்தவள் குழுவிலேயே சின்னவள், பழைய கைபேசிக்காரி.

ஏன் இப்படி ஆனது

படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெரிந்தன. ஆனால் அவை மூன்றும் சம எடை கொண்டவை அல்ல.

முதலாவதும் பெரியதும் திசை. ஃபாசெட் பாராளுமன்றச் சதுக்கத்தின் மேற்குப் பக்கம், பாராளுமன்றத்தைப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கி நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் உச்சநீதிமன்றக் கட்டடம். மதியம் திரும்பியதும் சூரியன் அவருக்குப் பின்னால் போய்விடும். சீகோல் ஆற்றின் மறுகரையில், அதே பாராளுமன்றத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறார், அதாவது மேற்கு நோக்கி. காலையில் அவர் முகம் நிழலில்தான் இருக்கும். இருவருக்கும் நடுவில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம். குழு மேற்கு பார்த்தவரைக் காலையிலும் கிழக்கு பார்த்தவரை மாலையிலும் போய்ப் பார்த்திருந்தது! அதே பாதையில் எதிர்த் திசையில் நடந்திருந்தால் இரண்டு முகங்களும் வெயிலில் கிடைத்திருக்கும். ஒரு காசு கூடுதல் செலவில்லை.

ஆள் என்றால் ‘கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ’ என்று சொல்லலாம். சிலையிடம் அது நடக்காது. அதன் முகத்துக்கு வெளிச்சம் வரும் நேரம் நாளில் சில மணி, ஆண்டில் சில மாதம். பயண அட்டவணையை ரயிலுக்கு ஏற்றபடி போடும்போது இந்த நேரத்தைத்தான் முதலில் தொலைக்கிறோம்.

இரண்டாவது, வெண்கலம். கறுத்த வெண்கலத்தின் பின்னால் வெளிறிய வானம் இருந்தால் கமெரா வானத்தைக் கணக்கில் எடுத்துச் சிலையை இன்னும் இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). கைபேசியில் சிலையின் முகத்தைத் தொட்டு விரலை மேலே இழுத்தால் போதும். சாரா சிடன்ஸ் விஷயத்தில் இது தலைகீழ். 1897இல் வைத்த அந்தச் சிலை வெள்ளைப் பளிங்கு, பின்னால் கரும்பச்சை மரங்கள். கமெரா மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. “முகத்தில் மூக்கின் நிழல் தெரியுதா என்று பார்” என்பதுதான் கடைசியில் பயன்பட்ட அறிவுரை.

மூன்றாவது, தூரம். பீடத்தின் காலடியில் போய் நின்று கைபேசியின் அகலமான லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் வரும். பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் போய், கைபேசியின் மூன்று மடங்கு லென்ஸில் அல்லது கமெராவில் 85, 100 மில்லிமீட்டரில் எடுத்தால் முகம் மனித முகமாக இருக்கும். எதிரில் படியோ பெஞ்சோ இருந்தால் இன்னும் நல்லது.

எடுத்த முடிவுகள்

இருப்பதைக் கணினியில் வெளிச்சமாக்கிச் சமாளித்துவிடலாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். நேரமும் குளிரும் அவர்கள் கவலை, நியாயமானதுதான். இரண்டு படங்களை அப்படிச் செய்தும் பார்த்தோம். நிழல் வெளுத்ததே தவிர, கன்னத்தின் மேடு பள்ளம் வரவில்லை. வெளிச்சம் விழாத இடத்தில் உருவம் கிடையாது. மறுபடி எடுப்பது என்று ஆசிரியை முடிவு செய்தார்.

போவதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு குடும்பம் போய், சிலைக்கு முதுகு காட்டி அது பார்க்கும் பக்கமே பார்த்து நின்று, கைபேசித் திசைகாட்டியில் பாகையைக் குறித்து வர வேண்டும். காந்தம் உள்ள கைபேசி உறையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி பொய் சொல்லும். கூடவே பீடத்தின் உயரம், பின்னணியில் என்ன இருக்கிறது, எந்தக் கட்டடம் வெயிலை மறைக்கும் என்றும் எழுதச் சொன்னோம்.

மாதத்தையும் யோசித்தார்கள். டிசம்பர் நடுப்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். நாலு மாடிக் கட்டடமே அதை மறைத்துவிடும். கோடை வரை காத்திருந்தால் சதுக்கங்களில் உள்ள பெரிய பிளேன் மரங்கள் இலை விட்டு, மார்பளவுச் சிலைகளின் முகத்தில் பச்சை வெளிச்சம் விழும். மரம் இன்னும் மொட்டையாக, சூரியன் கொஞ்சம் ஏறியிருக்கும் காலம் பிப்ரவரி. கண்காட்சிக்கும் நேரம் சரியாக இருந்தது.

ஆட்கள் பற்றியும் ஒரு விதி வைத்தார்கள். சீகோல் நிற்பது மருத்துவமனை வளாகம். சக்கர நாற்காலியில் காற்று வாங்க வரும் நோயாளிகள் படத்தில் விழக்கூடாது. பெஞ்சில் தூங்குபவர்களையும் அப்படியே விட வேண்டும், எழுப்பவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

நியூவிங்டன் கிரீன்

நுட்பப் பிரச்சினை இப்படித் தீர்ந்துகொண்டிருக்கும்போது, வேறு ஒன்று கிளம்பியது. மேரி வோல்ஸ்டன்கிராஃப்டின் (1759–1797) நினைவாக மாகி ஹாம்ப்ளிங் செய்த சிற்பம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்காக ஏறத்தாழ பத்தாண்டு பணம் சேர்த்திருந்தார்கள். வெள்ளி நிறத்தில் திரளாக எழும் உருவத்தின் உச்சியில் ஒரு சின்னப் பெண் உருவம், ஆடையில்லாமல். அது மேரி அல்ல, மேரிக்காகச் செய்யப்பட்டது, எல்லாப் பெண்களையும் குறிப்பது என்பது சிற்பியின் விளக்கம். திறந்த நாளிலிருந்தே ஊரில் சண்டை. சிலர் போய் உருவத்துக்குத் துணி போர்த்தியதும் நடந்தது.

பள்ளி மண்டபத்தில் இந்தப் படமா என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் கேள்வி வந்தது. நான் எதிர்பார்த்தது வழக்கமான வெட்கம் சார்ந்த எதிர்ப்பு. ஒரு தாத்தா அதைச் சுலபமாகத் தள்ளிவிட்டார்: “சிதம்பரத்தில தூணைப் பாக்காத ஆக்கள் மாதிரிக் கதைக்கிறியள்.” ஆனால் ஒரு தாயார் எழுதியது கனமானது. “எனக்கு உடுப்பில்லாதது பிரச்சினை இல்லை. ஆம்பிளை எழுத்தாளர் எல்லாருக்கும் கோட்டுப் போட்டுச் சிலை வைக்கினம். இவவுக்கு மட்டும் ஏன் முகம்கூட இல்லை?” லண்டன் பத்திரிகைகளில் பெண்கள் எழுப்பிய கேள்வியும் அதுவேதான்.

வழிகள் மூன்று இருந்தன. விட்டுவிடலாம். ‘மேரி வோல்ஸ்டன்கிராஃப்டுக்காக’ என்று பொறித்திருக்கும் கறுப்புக் கல்லை மட்டும் எடுக்கலாம். அல்லது முழுச் சிற்பத்தையும் அது நிற்கும் இடத்தோடு தூரத்திலிருந்து எடுக்கலாம். விட்டுவிட்டால் பட்டியலிலேயே பெண்ணுரிமை பற்றி முதலில் எழுதியவர் போய்விடுவார். கல்லை மட்டும் எடுத்தால் எதையோ மறைக்கிறோம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது வழியை எடுத்தார்கள். திடலின் வடபக்கம் 1708இல் கட்டிய சிறிய கிறிஸ்தவக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே பாதிரியார் ரிச்சர்ட் பிரைஸின் பிரசங்கம் கேட்கப் போய் வந்தவர் மேரி. வடக்கு நோக்கி நின்றால் சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கும். கோயிலும் சட்டகத்துக்குள் வரும். அந்தத் தாயாரின் கேள்வியைப் படத்தின் கீழ்க் குறிப்பில் அப்படியே சேர்ப்பது என்றும் தீர்மானித்தார்கள். என் கணிப்பில் முழுத் திட்டத்திலும் சிறந்த முடிவு அதுதான்.

இரண்டாம் சுற்று: பிப்ரவரி

இந்த முறை ஃபாசெட்டிடமிருந்து தொடங்கினார்கள். ஒன்பதரைக்கே போய்விட்டார்கள், ஆனால் பாராளுமன்றக் கூரையைத் தாண்டி வெயில் வரப் பத்து மணி ஆனது. நெற்றி, மூக்கு, கன்னம், கோட்டின் முரட்டுத் துணி என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தெரிய வந்ததைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கில்லியன் வேரிங் செய்த இந்தச் சிலை 2018 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. அதுவரை அந்தச் சதுக்கத்தில் நின்ற 11 பேரும் ஆண்கள். காந்தியும் மண்டேலாவும் அவர்களில் உண்டு. பீடத்தைச் சுற்றி வாக்குரிமைக்குப் போராடிய 59 பேரின் படங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன, அவர்களில் 4 பேர் ஆண்கள்.

பாங்க்ஹர்ஸ்டிடம் முழு உருவத்தைவிட ஒரு நுணுக்கப் படம் நன்றாக அமைந்தது. 1930இல் வைத்த சிலை அது. அதன் இரு பக்கமும் உள்ள தாழ்வான சுவரில் பின்னால் சேர்த்த வெண்கல வட்டங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் அவர் மகள் கிறிஸ்டபெல். மற்றதில், சிறை சென்ற பெண்களுக்கு இயக்கம் கொடுத்த பதக்கத்தின் வடிவம்: கோட்டை வாசலின் தொங்கு கதவு, அதன்மேல் கைதி உடையில் குத்தும் அம்புக்குறி. தொங்கு கதவு பாராளுமன்றத்தின் சின்னமும்கூட. அதைக் கண்டுபிடித்த பையன் பக்கவாட்டு வெயிலில் வட்டத்தை எடுத்துவிட்டுத் திரும்பினான். பக்கத்துக் கட்டடம் பாராளுமன்றம்!

புளூம்ஸ்பரிக்கு வேறொரு நாளை ஒதுக்கி நடுப்பகலில் போனார்கள். அன்று மெல்லிய மேகம். வெண்கல முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. கண்குழி வரை பரவும். வுல்ஃபின் சிலை ஸ்டீபன் டாம்லின் 1931இல் செய்த முகத்தின் வார்ப்பு. சிற்பிக்கு முன்னால் அமர்ந்து கொடுப்பது வுல்ஃபுக்குப் பிடிக்கவே இல்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆல்ட்ரிச்-பிளேக் ஒரு வேடிக்கை: ஒரே பீடத்தில் முதுகோடு முதுகாக இரண்டு முகங்கள், ஒன்று தோட்டத்தைப் பார்க்க, மற்றது தெருவைப் பார்க்க. எந்த நேரம் போனாலும் இரண்டில் ஒன்றுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். பீடம் லட்யன்ஸ் வடிவமைத்தது, புது தில்லியைக் கட்டியவர். முகங்களைச் செய்தவர் ஏ. ஜி. வாக்கர். குறிப்பு எழுதும்போது ஒரு மாணவி, பாங்க்ஹர்ஸ்டைச் செய்தவரும் இதே வாக்கர்தான், வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் அவர் கைவேலைதான் என்று கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எல்லாக் குறிப்பிலும் சிற்பியின் பெயர் ஏறியது.

ஒரு தோட்டத்தில் காவலர் வந்து ட்ரைபொட்டை மடக்கச் சொன்னார். நடைபாதையில் ஆட்கள் தடுக்கி விழக்கூடும் என்றார். வாதாடவில்லை. அரிசிப் பை ஒன்றைச் சுவரில் வைத்து அதன்மேல் கமெராவை வைத்தார்கள்.

சீகோல் பிற்பகலில். மார்ட்டின் ஜென்னிங்ஸ் செய்த இந்தச் சிலை 2016இல் திறக்கப்பட்டது. அவர் பின்னால் நிற்கும் பெரிய வெண்கலத் தட்டு கிரிமிய மண்ணிலிருந்து அச்செடுத்து வார்த்தது. தாழ்ந்த வெயில் முகத்தில் அடிக்க, நடந்து வரும் அவர் நிழல் அந்தத் தட்டின் கரடுமுரடில் விழுந்தது. காலையில் போன முதல் சுற்றில் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

சிடன்ஸை மட்டும் மறுபடி எடுக்க முடியவில்லை. பொறுப்பேற்ற குடும்பத்தில் காய்ச்சல். முதல் சுற்றில் எடுத்ததிலேயே வெளிச்சம் குறைந்த ஒன்றைத் தேடி எடுத்தார்கள்.

விற்பனைக் கேள்வி

நாட்காட்டிக்கு விலை கேட்டுப் போனபோது, அச்சகம் நடத்தும் ஒரு தந்தை முதலில் கேட்டது தாளின் தடிமன் அல்ல. “இதுக்கு உரிமை எல்லாம் சரியோ?” என்றார். யாரும் அதுவரை யோசிக்கவில்லை.

தேடிப் பார்த்ததில் இரண்டு கேள்விகள் கலந்து கிடப்பது தெரிந்தது. ஒன்று, சிற்பியின் பதிப்புரிமை. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படம் எடுக்கவும் அந்தப் படத்தை வெளியிடவும் இடம் கொடுக்கிறது. சிற்பி உயிரோடு இருந்தாலும் அப்படித்தான். (இந்தியச் சட்டத்திலும் 52ஆம் பிரிவில் இதே மாதிரி விலக்கு உண்டு.) ஆனால் அந்தப் பிரிவு சொல்வது சிற்பத்தை. ஓவியம், ஒளிப்படம் போன்ற தட்டையான படைப்புகள் அதில் வராது. ஃபாசெட் பீடத்தில் பொறித்த படங்கள் எந்த வகை என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனவே அவற்றைத் தனியாக நெருக்கத்தில் எடுத்த படங்களைப் பயன்படுத்துவதில்லை, முழுச் சிலையோடு சேர்ந்து விழுந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

மற்றது நிலத்தின் விதி. விக்டோரியா டவர் கார்டன்ஸ் அரச பூங்காக்களின் நிர்வாகத்தில் இருக்கிறது. சொந்தத் தேவைக்குப் படம் எடுக்கலாம். வணிகத்துக்கு என்றால் அனுமதி வாங்க வேண்டும். பாராளுமன்றச் சதுக்கத் தோட்டத்துக்கும் அப்படி ஒரு விதி இருக்கிறது. பள்ளிக்கூடம் நூலகத்துக்காக விற்பது வணிகமா? எழுதிக் கேட்கலாம், பதில் வரும்வரை பொறுக்கலாம். ஆனால் அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அந்த இரண்டு சிலைகளையும் விட்டுவிட்டு மற்றதை விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாக்குரிமைப் போராளிகள் இல்லாத மகளிர் நாட்காட்டியா என்று பிள்ளைகளே மறுத்துவிட்டார்கள். நாட்காட்டி கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக அஞ்சல் அட்டை அளவில் கொஞ்சம் அச்சிட்டு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நூலகத்துக்குப் பணம் வரவில்லை. சிலருக்கு அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது.

கண்காட்சி

நவம்பரில் எடுத்த ஃபாசெட்டையும் பிப்ரவரியில் எடுத்த ஃபாசெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியது ஆசிரியையின் யோசனை. வந்தவர்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான். அம்மம்மாவும் வந்து பார்த்தார். “ஓ, இவ வயசான ஆளே!” என்றார். ஃபாசெட்டை ஐம்பது வயதுத் தோற்றத்தில்தான் வடித்திருக்கிறார்கள். இருட்டுப் படத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நூருக்கு நவம்பரின் பொப்பிப் படத்தையே வைத்தார்கள். வெளிச்சம் கணக்கில் பிப்ரவரிப் படம் மேல், ஆனால் அதில் மலர்வளையம் இல்லை. குறிப்பில் பிள்ளைகள் முதலில் ‘இந்திய இளவரசி’ என்று எழுதியிருந்தார்கள். திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்பது உண்மை. ஆனால் அவரை அங்கே சிலையாக வைத்தது அதற்காக அல்ல. 1943இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்குள் பிரிட்டனுக்கு இரகசியச் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி இயக்குநராக இறங்கி, பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாக்கவ் முகாமில் கொல்லப்பட்டார். ஆசிரியை முதல் வரியை அதிலிருந்து தொடங்கச் சொன்னார். திப்பு கடைசி வரிக்குப் போனார்.

வோல்ஸ்டன்கிராஃப்ட் படத்துக்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை. கீழே எழுதியிருந்த கேள்வியைப் பற்றித்தான் பேசினார்கள். பாங்க்ஹர்ஸ்டின் குறிப்பில், பிரிட்டனில் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்கு 1928இல்தான் வந்தது என்று இருந்தது. ஒரு முதியவர் அதைப் படித்துவிட்டு, இலங்கையில் 1931இலேயே எல்லோருக்கும் வந்துவிட்டது, அதையும் எழுதுங்கோ என்றார். எழுதி ஒட்டினார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

திசைகாட்டி வேலை முதலில் வர வேண்டும். பாதை அதற்குப் பிறகுதான். ஆள் போகாமலேயே வரைபடச் செயலியில் சிலையின் முன்பக்கம் எது என்று ஓரளவு பார்க்கலாம், ஆனால் வெயிலை மறைக்கும் கட்டடம் எது என்பது நேரில் போனால்தான் தெரியும். அதனால் குளிரானாலும் ஒரு முன்நடை நடந்தே ஆக வேண்டும்.

விற்கிற எண்ணம் இருந்தால் நிலம் யாருடையது என்ற கேள்வியைச் செப்டம்பரிலேயே எழுதிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சிலைக்கும் இரண்டு குடும்பங்கள் பொறுப்பாக இருந்தால் சிடன்ஸுக்கு நேர்ந்தது நேராது. சிற்பியின் பெயரை முதல் நாளிலேயே பட்டியலில் சேர்க்க வேண்டும். அரச குடும்பம் கூடாது என்ற விதியை, செய்தவர் யார் என்று தெரிந்த பிறகு மறுபடி பேசிப் பார்க்கலாம்.

பள்ளியின் கோப்பில் இப்போது ஒரு அட்டவணை இருக்கிறது: சிலை, பார்க்கும் பாகை, வெயில் வரும் நேரம், இலை விடும் மாதம், பின்னணி, நிலத்துக்குப் பொறுப்பானவர், செய்தவர். எட்டு வரிகள் நிரம்பியிருக்கின்றன. ஒன்பதாவதாக, நூரைப் போலவே போர்க்காலத்தில் பிரிட்டனின் இரகசிய முகவராக இருந்த வயலெட் ஸாபோவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, சிலை ஆல்பர்ட் எம்பாங்க்மென்டில். பாகைக் கட்டம் காலியாக இருக்கிறது. போய்ப் பார்த்து வர ஒரு குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது.